மானிட்டர் மாந்திரீகம்

கல்கத்தாவில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அதை வீட்டுக்குள் மறைத்து வைத்துக்கொள்ள முடியாது. குழாய் ஒழுகட்டும், குடை மடங்க மறுக்கட்டும், தெருவே நோயாளியைப் பார்க்க வந்துவிடும். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணங்கள் தீரும்வரை வீட்டில் தேநீர் தீரக்கூடாது. லேக் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் பல காலமாகக் குடியிருக்கும் எனக்கு இந்த வழக்கம் நன்றாகவே தெரியும். அதனால் என் மடிக்கணினியில் வரிகள் நகர மறுத்தபோது மூச்சு விடாமல் இருந்தேன். மனைவி மட்டும் காய்கறிக்காரரிடம் சொன்னாள். அவரிடம் சொன்ன பிறகு ஆகாசவாணிக்கு வேலையில்லை.

விஷயம் இதுதான். எங்கள் தமிழ்க் கூட்டத்தின் ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகளைத் தொகுத்துத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. இந்தப் பொறுப்பை யாரும் யாருக்கும் மனமுவந்து கொடுப்பதில்லை. கூட்டத்துக்கு வராதவர் பெயரை நோட்டில் எழுதிவிடுவார்கள். அன்பர் ஒருவர் ஹௌரா பாலத்தைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார். 1943-இல் திறந்தது, நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே கட்டியது என்று நல்ல கட்டுரை. அதைத் திரையில் கீழே உருட்டினேன். பாலத்தைப் பற்றிய வரி மேலே போனது. போன இடத்திலும் இருந்தது, கிளம்பிய இடத்திலும் இருந்தது. இன்னும் கொஞ்சம் உருட்டினேன். மூன்றாவது பாலம் முளைத்தது. அதற்கும் கீழே பாதி வெட்டுப்பட்ட ஒரு வரி, தலை மட்டும் தெரியும் எழுத்துகளோடு மிதந்தது. ஹூக்ளிமேல் வித்யாசாகர் சேதுவைத் திறக்க இந்த ஊர் 1992 வரை காத்திருந்தது. என் திரைக்கு அந்தப் பொறுமை இல்லை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மாமா வந்து சேர்ந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஹௌரா பாலம் மூணு தடவை வருது? பக்கத்துக்கு எவ்வளவு செலவாறது தெரியுமா? ரெண்டை எடுங்கோ."

"அது நிஜமா இல்லை மாமா. திரையில மட்டும்தான் அப்படித் தெரியறது."

"நான் கண்ணால பாக்கறேன், நீங்க இல்லைன்னா எப்படி?"

சொல்லிக்கொண்டே என் கைக்கு மேலாகக் கை நீட்டி, மூன்றாவது பாலத்தைத் தேய்த்துக் கறுப்பாக்கி, டெலீட்டைத் தட்டினார். முதல் பாலம் மறைந்தது. பேய்ப் பாலங்கள் இரண்டும் இருந்த இடத்தில் அப்படியே நின்றன. மாமா திருப்தியாக, "பாத்தீங்களா, ஒண்ணு போச்சு. மிச்சத்தையும் கவனியுங்கோ" என்றார். அவர் லிஃப்ட்டில் இறங்கும்வரை காத்திருந்து கண்ட்ரோல்-இஸட் போட்டேன்.

மாலைக்குள் வைத்தியர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் மேல்வீட்டு தாதா. ஏதோ ஒரு வணிக நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர், புத்தகத்தைப் பார்த்து ஹோமியோபதி பழகியவர், சந்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை உருண்டை கொடுத்து வருபவர். கணினியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "டாண்டா லேகேச்சே" என்றார். குளிர் பட்டுவிட்டதாம். இந்த நகரத்தில் மனிதர், மாடு, மோட்டார் எதற்கு எது வந்தாலும் முதல் சந்தேகம் குளிர்மேல்தான். அக்டோபரிலேயே மங்கி கேப் அணிந்து வெளியே கிளம்புகிற ஊர். நான் ஏ.சி. போட்டுக்கொண்டு தட்டச்சு செய்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு நோய் நிச்சயமாகிவிட்டது. ராத்திரி முழுவதும் அணைத்து, துணி போர்த்தி வை, வெயில் ஏறிய பிறகு திற என்று மருந்து எழுதினார். எனக்கும் நான்கு உருண்டை கொடுத்தார். பதற்றம் எனக்கும் இருக்கிறதாம்.

கீழ்வீட்டுக் கணக்கர் வந்து வைரஸ் என்றார். அவருக்கு எல்லாமே வைரஸ். எதிர்வீட்டு மாஷிமா, நல்ல நேரம் பார்த்து வாங்கினாயா என்று கேட்டார். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் வேலை பார்க்கும் அவர் பையன் மட்டும் படியிலிருந்தே, "கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்க காக்கு" என்று கத்திவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டான். சரியான விடையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். உட்கார்ந்து தேநீர் குடிக்காததால் அவன் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தாதாவின் போர்வை வைத்தியம் பலிக்கவில்லை. பலிக்காததற்குக் காரணம் உண்டு. அது போர்வையில் இல்லை. விண்டோஸ் 8 காலம் தொட்டு, பெரும்பாலான கணினிகளில் 'ஷட் டவுன்' என்பது முழு மரணம் இல்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த உட்கருவையும் டிரைவர்களையும் அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறது. சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மறுநாள் எழும்போது பூர்வஜென்ம வாசனை முழுவதும் கூடவே வரும், முறுக்கிக்கொண்ட டிரைவர் உட்பட. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். அணைத்துப் போடுவதுதான் பெரிய வைத்தியம், ரீஸ்டார்ட் சும்மா கண்துடைப்பு என்று நம்பிக்கொண்டிருக்கும் தலைமுறைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். தாதாவிடம் நான் முயலவில்லை.

வரிகள் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கின்றன? நீங்கள் பக்கத்தைக் கீழே உருட்டும்போது மென்பொருள் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதும் என்றுதானே நினைக்கிறோம்? அவ்வளவு உழைப்பாளி அல்ல அது. கல்யாணப் பந்தியில், "எல்லாரும் ஒரு இலை மேலே நகர்ந்து உட்காருங்கோ, கடைசி இலையை மட்டும் புதுசாப் போடறேன்" என்கிற பரிசாரகரின் வேலைதான் நடக்கிறது. ஏற்கெனவே திரையில் இருக்கும் புள்ளிகளை அப்படியே பெயர்த்து மேலே ஒட்டிவிட்டு, கீழே காலியான பட்டையை மட்டும் புதிதாக வரைகிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் ஒரு கணம் தடுமாறினாலும், பெயர்க்க வேண்டிய பட்டைக்கும் வரைய வேண்டிய பட்டைக்கும் கணக்கு இடிக்கிறது. பழையது அழியாமல் நின்றுபோகிறது. கோப்புக்குள் ஹௌரா பாலம் எப்போதும் ஒன்றுதான்.

இப்படிப் புள்ளிகளைக் கட்டுக்கட்டாகப் பெயர்க்கும் கலைக்கு 'பிட்-பிளிட்' என்று பெயர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் 1975 வாக்கில் டான் இங்கால்ஸ் முதலானோர் உருவாக்கியது. அதே ஆய்வகத்தில் அதற்குச் சற்று முன்புதான் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் 'பிராவோ' என்ற எழுதும் மென்பொருளைச் செய்திருந்தார்கள். அச்சில் என்ன வருமோ அதையே திரையில் காட்டுவோம் என்று உலகுக்கு முதலில் வாக்குக் கொடுத்தது அதுதான். சிமோனி 1981-இல் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனார், வேர்ட் பிறந்தது. பிறகு 2007-இலும் 2009-இலும் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய் வந்தார்.

கடைசியில் நான் கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் சாந்தினி சௌக்குக்குப் போனேன்.

காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் நேரே கொண்டுபோய் விட்டுவிடும். மேலே வந்து சந்துக்குள் நுழைந்தால் விளக்கு, விசிறி, ஒயர், இன்வெர்ட்டர், எந்தக் கம்பெனியும் இப்போது செய்யாத சார்ஜர் எல்லாம் கிடைக்கும். மூன்று பேர் நின்றால் நான்காமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. முதலாளி என் கணினியைத் திறக்கக்கூட இல்லை. "ஃபார்மாட் கோரே திச்சி" என்றார். எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. ஆண்டு மலர் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கணினியைக் குழந்தைமாதிரி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அப்போது ஓரத்தில் ஜால்முடி தின்றுகொண்டிருந்த பையன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சன்னலைச் சுருக்கி மறுபடி விரிச்சா சரியாகுதா காக்கு?" ஆகிறது என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. சுருக்கி விரித்தால் பந்தி நகர்த்தலுக்கு வழியில்லை, முழுத் திரையையும் புதிதாக வரைந்தே ஆக வேண்டும். அப்படிச் செய்யும்போது வரிகள் ஒழுங்காக வருகின்றன என்றால் கோப்பு ஆரோக்கியம், மென்பொருளும் பெரும்பாலும் ஆரோக்கியம், நடுவில் வரைகிறவன்தான் நோயாளி. இவ்வளவு நேரமாக என் வீட்டில் தேநீர் குடித்தவர்களில் ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்தினான். திரை ஒரு நொடி இருண்டு, 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டு, மறுபடி வந்தது. திறந்திருக்கும் எதையும் மூடாமல் கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் தட்டி எழுப்பும் வழி அது. பாலம் ஒன்றாயிற்று. கொஞ்ச நேரம் உருட்டினேன். பேய் திரும்பி வந்தது. பையன் தலையை ஆட்டிக்கொண்டு, நிரந்தர வைத்தியத்துக்கு இறங்கினான்.

அந்த வைத்தியத்தை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன், லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் பாக்கியம் எல்லோருக்கும் இல்லை. வேர்ட் வைத்திருப்பவர்கள் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று இறங்கி, 'டிஸ்ப்ளே' பகுதிக்குப் போனால் 'ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை முடக்கு' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட வேண்டும். லிப்ரே ஆஃபிஸ்காரர்களுக்கு, 7.0 பதிப்பிலிருந்து 'ஸ்கியா' என்ற வரைவி வந்திருக்கிறது. விருப்பங்களில் 'காட்சி' பக்கத்தில் அதை மென்பொருள் வழியிலேயே வரையச் சொல்லலாம். இரண்டு மானிட்டர் வைத்திருந்து இரண்டிலும் எழுத்தளவு விகிதம் வேறாக இருந்தால், இரண்டையும் ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறங்கள். சேஃப் மோடில் வேண்டுமா என்று கேட்கும். அதில் ஒழுங்காக இருந்தால் ஏதோ ஒட்டுச் செயலிதான் குற்றவாளி. இதையெல்லாம் செய்துவிட்டு டிரைவரையும் புதுப்பித்து, அதற்குப் பிறகும் பேய் நின்றால் தாதாவிடம் உருண்டை வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். இந்தக் கணினியை வாங்கும்போது, உள்ளே தனி கிராஃபிக்ஸ் அட்டை இருக்கிறது என்று சொல்லித்தான் கூடுதல் பணம் வாங்கினார்கள். காட்டிய விளையாட்டில் ஒரு டிராகன் பறந்தது. அதன் ஒவ்வொரு செதிலிலும் நிழல் விழுந்தது. அந்த அட்டையைக் கூப்பிட்டு, வெள்ளைக் காகிதத்தில் நான்கு வரிகளை மேலே நகர்த்து என்றால் முடியவில்லை. இப்போது அதை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் ஆண்டு மலர் வேலை ஓடுகிறது. பெரிய படிப்பு படித்தவனைக் கல்யாண வீட்டில் வெற்றிலை மடிக்கச் சொன்ன கதை என்று என் மனைவி சொன்னாள். அது அவள் உவமை, எனக்குப் பொறுப்பில்லை.

டிக் போட்ட பிறகு பையன் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிச் சரிபார்த்தான். ஓரிடத்தில் நின்றான். புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதற்கு முன்னால் ஒரு கொம்பு. "இது திரைக் கோளாறு இல்லை" என்றான். "ஆமாதேரோ ஹொய்." எங்களுக்கும் இது நடக்கும் என்கிறான். வங்காளியும் தமிழனும் மீனிலும் புளியிலும் ஒன்றுபட்டதில்லை, கொம்பில் ஒன்றுபட்டோம். 'கெ' என்பதில் நம் கண்ணுக்குக் கொம்பு முதலில், ககரம் பிறகு. கோப்பிலோ ககரம் முதலில், கொம்பு பிறகு. திரையில் வரைகிற நேரத்தில்தான் ஒருவன் அதைத் தூக்கி முன்னால் வைக்கிறான். வங்காளத்திலும் ஏகாரக் குறிக்கு இதே இடமாற்றம். 'கொ' என்றால் இன்னும் மோசம், ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இரு பக்கமும் நிற்க வேண்டும். அவர்களுடைய ஓகாரமும் அப்படியே பிளக்கும். ஏற மெய்யெழுத்து இல்லாமல் உயிர்க்குறி அநாதையாக வந்துவிட்டால், அதற்குத் துணையாகப் புள்ளி வட்டம் ஒன்றை மென்பொருள் தானே போட்டுவிடுகிறது. இந்த வம்சாவளி முழுவதற்கும் மூலமான பிராமியை 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்து அவிழ்த்ததும் இதே ஊரில்தான். கல்வெட்டில் எழுதியவன் கொம்பை வைத்த இடத்தில் கொம்பு இருந்தது. பிரின்செப்புக்கு அந்தத் தொல்லையாவது இல்லை.

பையன் உற்சாகமாகிவிட்டான். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்து விழுந்தால் ஐபோன் செயலிகள் குப்புறக் கவிழ்ந்தன, நினைவிருக்கிறதா என்றான். ஆராய்ந்து பார்த்தவர்கள், வங்காளத்திலும் தேவநாகரியிலும் அதே வகைக் கோவைகள் அதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்தார்களாம். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமிதம். தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. க்ஷகரமும் ஸ்ரீயும் தவிர மற்றதையெல்லாம் நாம் புள்ளி வைத்துப் பிரித்துவிட்டோம். போனைக் கவிழ்க்க நம்மிடம் சரக்கு இல்லை.

ஆனால் எங்களிடம் வேறு வகைக் கோளாறு உண்டு என்று அவனிடம் சொன்னேன். திரையில் அப்பழுக்கில்லாமல் தெரியும், உள்ளே தப்பாக இருக்கும். 'கௌரவம்' என்று எழுத ஔகாரக் குறி ஒன்று தனியாக இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுகிறோம். பார்வைக்குக் கௌரவம் குறையாது. கணினியைத் தேடச் சொன்னால் அப்படி ஒரு சொல்லே கோப்பில் இல்லை என்று கைவிரிக்கும். மூன்று பாலம் காட்டும் திரையை நான் மன்னிப்பேன், அது தப்பு என்று பார்த்தவுடன் தெரிகிறது. இந்தப் போலிக் கௌரவம் அச்சாகி, நூலகத்துக்குப் போய், அலமாரியில் உட்கார்ந்த பிறகும் தெரியாது.

மலருக்கு வந்த கட்டுரைகளில் ஒன்று பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். டல்ஹௌசி பக்கம் நூறு வருஷமாக இருக்கும் சணல் கம்பெனியின் பெயர் என்றால் யாரும் நம்புவார்கள். பையன் சிரித்தான், அவன் அப்பா கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், பழைய வங்காள எழுத்துருவில் இதே கூத்து தினமும் நடக்கிறதாம். எழுத்துரு காணாமல் போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ஹூக்ளிக் கரையில் கொஞ்ச தூரம் மேலே போனால் ஸ்ரீராம்பூர். 1812 மார்ச் 11 அன்று வில்லியம் கேரியின் மிஷன் அச்சகத்தில் தீப்பிடித்து, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளின் ஈய எழுத்துகள் உருகிக் குழம்பாயின. எழுத்து வெட்டிய எஃகு அச்சுகள் தப்பியதால், உருகிய ஈயத்தையே அள்ளி மறுபடி வார்த்தார்கள். எழுத்துருவை மறு நிறுவல் செய்வதென்றால் அது. நமக்கோ இரண்டு முறை கிளிக் செய்வதற்குள் சலிப்பு வருகிறது.

கணினியும் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. கல்கத்தாவை ஒட்டிய பரனகரில் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் ஹெச்.இ.சி.-2எம் என்ற கணினி வந்தது. நாட்டின் முதல் கணினி என்று அதைத்தான் சொல்கிறார்கள். துளையட்டை கொடுத்து வேலை வாங்க வேண்டும். ஒரு கட்டுரையை மேலும் கீழும் உருட்டிப் பார்க்கும் வசதி அதில் இல்லை. அந்தக் காலத்து ஆள்களிடம் போய் வரி ஒட்டிக்கொள்கிறது என்று புகார் சொன்னால், பசை தடவியது யார் என்று கேட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தாதா படியிலேயே காத்திருந்தார். கணினியைத் திறந்து உருட்டிக் காட்டினேன். பாலம் ஒன்று, வரி ஒழுங்கு, எழுத்து முழுசு. தாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உருண்டை வேலை செஞ்சிருக்கு" என்றார். சாந்தினி சௌக் போய் வந்ததைச் சொன்னேன். ஹோமியோபதி மெதுவாகத்தான் வேலை செய்யும், நான் அங்கே போய்ச் சேரவும் அது பிடிக்கவும் சரியாக இருந்திருக்கிறது என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? செயலாளர் மாமாகூட, "அவர் கைராசிக்காரர்" என்று சொல்லிவிட்டார். மாஷிமா அதைக் காய்கறிக்காரரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு மேல்வீட்டுக் கதவருகே செருப்புகளோடு மடிக்கணினிப் பைகளும் தெரிய ஆரம்பித்தன. தாதா யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. முதலில் உருண்டை, பிறகு ஏ.சி. வேண்டாம் என்ற பத்தியம், மூன்றாவதாக ஒரு கீழ்வீட்டுத் தமிழனின் முகவரி. டிக் போட வேண்டிய கட்டம் எங்கே என்று காட்டுவது மட்டும் என் வேலை, மேற்சிகிச்சை. போன வாரம் வந்தவரிடம் இருந்தது மாதச் சந்தாவில் வரும் புத்தம்புதிய வேர்ட். எங்கே தேடியும் அந்தக் கட்டம் இல்லை. புதிய பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தாதாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அதிராமல் சீசாவை எடுத்தார். "மருந்துப் பெட்டியையே எடுத்துட்டாங்கன்னா நோய் இன்னும் பெரிசா வரப்போகுதுன்னு அர்த்தம். உனக்கு ஆறு உருண்டை."